கொழும்புச் சப்பாத்து

தூத்துக்குடி,
8-7-1947

என் பிள்ளையின் தகப்பனாருக்கு,

"நான் வரும்வரை மகனை நடக்க விடாதே, அவன் வைக்கும் முதல் அடியை நான் பார்க்க வேண்டும்" என்று கிறிஸ்துமஸுக்கு எழுதினீர்கள். உங்கள் அக்காள் மெட்டில்டாவுக்கு அது வேதவாக்காகிவிட்டது. பிள்ளை டிரங்குப் பெட்டியைப் பிடித்து எழுந்தால் போதும், "ஏளா, தம்பி வாரவரைக்கும் இவனத் தரையில விட்ராத" என்று ஒக்கலில் தூக்கி வைத்துக்கொள்வாள். அவன் வில்லாய் வளைந்து கத்துவான். போன வாரம் அவள் தோளைக் கடித்தே விட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவனுக்கு ஒன்றரை வயது. அதே மாதம் பிறந்த பக்கத்து வீட்டு பிளாரன்ஸின் மகள் கோழியை விரட்டிக்கொண்டு ஓடுகிறாள்.

நேற்றுத் தோணியில் நீங்கள் அனுப்பிய சப்பாத்து வந்தது. மகனுக்கென்று கடையில் புதிதாக வாங்கியது என்று சீட்டு வேறு. அக்காள் பூரித்துப்போனாள். நான் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் குதிகால் தேய்ந்திருக்கிறது. விரல் பக்கம் தோல் உரிந்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை விழுந்து எழுந்து நடை பழகியிருக்கிறது. யார் பிள்ளை என்று நான் கேட்கவில்லை.

அந்த நிமிஷமே மகனைப் பிடுங்கித் தரையில் விட்டேன். கால் வெடவெடத்தது. நாலடி வைத்தான், விழுந்தான், அழாமல் எழுந்து மறுபடியும் வைத்தான். அக்காள்தான் அழுதாள்.

சப்பாத்தை அதே தோணியில் திருப்பி அனுப்புகிறேன். முதல் அடியைப் பார்க்க நீங்கள் இனி வர வேண்டாம். அதை அங்கேயே பார்த்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகனைப் பெற்றவள்