கடைசிச் சுற்றில் ஓர் இருக்கை

ஜூலை 8, திங்கள்

மானம் போயிற்று. வெளியே சொல்ல முடியாது, ஆகவே இங்கே. சாப்பாட்டு இடைவேளையில் விமானப் பயிற்சி அறைக்குள் புகுந்து, சிமுலேட்டரில் உட்கார்ந்து, ஹெட்செட் மாட்டி, "பயணிகளே, உங்கள் கேப்டன் பிலிப் பேசுகிறேன்" என்று தொடங்கி, இரண்டாவது நிமிடம் விமானத்தைக் கடலில் இறக்கி, "ஏசுவே!" என்று அலறினேன். மைக் பக்கத்து வகுப்பு ஒலிபெருக்கியோடு சேர்ந்திருந்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் கேட்டார்கள்.

லேப் உதவியாளர் கலீமுல்லா கதவில் நின்று, "இன்னா கேப்டன், ஒருத்தராவது பொழைச்சாங்களா?"

பிளஸ் ஒன் விமானத் தொழிற்பிரிவுக்கு ஐம்பத்தோரு வயது வணிகவியல் வாத்தியாரைப் பொறுப்பாகப் போட்டது யார் குற்றம்? பாடம் நடத்த வெளியாட்கள், எனக்கு வருகைப்பதிவு. இதுவரை விமானம் ஏறாதவன். மயிலாப்பூருக்கு மேலே ஒன்று போனால் ஸ்கூட்டரை ஓரங்கட்டிப் பார்ப்பவன்.

ஜூலை 11, வியாழன்

இருபதாம் தேதி நிஜ விமானம்! சுற்றுக்கு மூன்று பிள்ளைகள், விமானத்தை ஓட்ட ஒரு பயிற்சியாளர். ஒரு பையனுக்கு அம்மை. கடைசிச் சுற்றில் இடம் காலி. (சந்தோஷப்பட்டேன். ஞாயிறன்று பாவசங்கீர்த்தனம்.) ஹெச்.எம். காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிவிட்டேன். படிவத்தில் எடை என்று ஒரு கட்டம். 82 என்று எழுதினேன்.

என் மனைவி மர்சலின் எட்டிப் பார்த்தாள். "இது எந்த வருஷத்து எடைங்க?"

ஜூலை 14, ஞாயிறு

இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன். மர்சலின் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூலை 20, சனி

போகவில்லை.

கேப்டன் ஷில்பா, என் மகள் வயதுதான் இருக்கும், ஒவ்வொருவரையும் எடை மெஷினில் ஏற்றினார். கடைசிச் சுற்றில் ஒரு பையன் ஏறியாயிற்று; மிச்சம் நானும் மாணவி தாரணியும். நான், 97. "ஸாரி சார். நீங்களும் தாரணியும் சேர்ந்து ஏற முடியாது. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்."

உடனே விலகினேன் என்று எழுத ஆசை. இல்லை. நின்றேன். விமானத்தின் கதவு எங்கள் வீட்டு பீரோ கதவைவிடச் சின்னது. தொட்டேன். வெயிலில் சுட்டது. கையை எடுக்க மனமில்லை.

தாரணிதான் பேசினாள். "நீங்க போங்க சார். ப்ளீஸ் சார். நிஜமா எனக்குப் பரவால்ல."

அம்மா ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று படிக்கவைக்கிற பிள்ளை. அதற்கு இப்படி ஒரு மனசா! கண் கலங்கிவிட்டது. "பேசாம ஏறுடீ" என்று அதட்டி ஏற்றினேன். தியாகி பிலிப்!

இருபது நிமிடம் அண்ணாந்தே நின்றேன். இறங்கியதும் ஓடினேன். "எப்படிம்மா இருந்துச்சு? தெப்பக்குளம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். டிபன் பாக்ஸ் மூடி மாதிரி. சாந்தோம் கோபுரம் சாக்பீஸ் மாதிரி."

ஜூலை 24, புதன்

டிபன் பாக்ஸ் மூடியையும் சாக்பீஸையும் ஊரெல்லாம் சொல்லியாயிற்று, பாண்டி பஜார் ஜூஸ் கடைக்காரர் வரை. நானே பார்த்த மாதிரி. அடையாறு ஆற்றையும் என் பங்குக்குச் சேர்த்தேன்.

ஆனால் வகுப்பில் சாக்பீஸை எடுத்தால் கொஞ்ச நேரம் எழுத வருவதில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஜூலை 29, திங்கள்

தாரணி பிரிவு மாறக் கடிதம் கொண்டுவந்தாள். வணிகவியலுக்கு. என் வகுப்புக்கு!

"ஏம்மா?"

"பயம் சார். அன்னிக்கு நீங்க போயிடுவீங்கன்னுதான் அவ்ளோ கெஞ்சினேன். ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் கண்ணையே தொறக்கல."

"அப்போ தெப்பக்குளம்?"



"நீங்க அப்படி ஓடி வந்தீங்களே சார். ஒண்ணும் பாக்கலன்னு எப்படிச் சொல்றது?"