பாறையான் சாகவில்லை

சென்னை
8.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஜித் எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் சோறுதான் இறங்க மாட்டேன் என்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை நான் எழுதிய ‘பாறையான்’ படம் வெளியாகிறது.

பழைய பாறையானை உனக்குத் தெரியும். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் சாக்குத்துணியைப் போர்த்திக்கொண்டு மலையிலிருந்து உருண்டு வருவாரே, அதேதான். அந்தக் கதையைக் கம்பெனிக்காரர்கள் வாங்கி, முதலிலிருந்து புதிதாக எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். இது ஓடினால் இதோடு நிற்காது. கடலில் ஒன்று, காட்டில் ஒன்று என்று இன்னும் நான்கு ராட்சதங்களுக்குத் தனித்தனியாகப் படம் எடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே படத்தில் மோதவிடப் போகிறார்களாம். ‘யுனிவர்ஸ்’ என்கிறார்கள். ஐந்து படத்தின் பாரமும் இப்போது இந்த ஒரு படத்தின் தலையில்.

நீ எனக்கு ஒரு உபகாரம் செய்ய வேண்டும். நெட்டில் வருவதை நான் பார்க்கப் போவதில்லை. அங்கே காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவன் பாதி, காசு வாங்கிக்கொண்டு திட்டுகிறவன் பாதி. நீ போய்ப் பார். நம் ஜனம் எங்கே கத்தியது, எங்கே சிரித்தது, எங்கே எழுந்து டீ குடிக்கப் போனது என்று அப்படியே எழுது. போனில் சொல்லாதே. போனில் என்றால் நான் வருத்தப்படுவேன் என்று பாதியை முழுங்கிவிடுவாய்.

நைனா என்னோடு பேசி மூன்று வருடமாகிறது. அன்று இந்தக் கதையை நான் சொல்லச் சொல்ல ஆசையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவு என்னவென்று கேட்டார். வெடி வைத்துக் கொன்றுவிடுகிறார்கள் என்றேன். “கால்ல எறும்பு மிதிபடுதான்னு பாத்துப் பாத்து நடக்கிற ஜைன வூட்ல பொறந்துட்டு, இதையா எழுதுற?” என்று எழுந்து போனவர்தான். படம் நன்றாக இருந்தால் அவர் காதில் ஒரு வார்த்தை போட்டுவை அக்கா. அவர் பேசாமல் எனக்கு எந்த வெற்றியும் ஒட்டாது.

தபால்காரரை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்
தம்பி அஜித்


அருகன் துணை

சிங்கவரம்
14.9.2025

அன்புத் தம்பி அஜித்துக்கு,

அக்கா ஜெயமாலா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முதலில் நீ உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. படம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது!

வெள்ளிக்கிழமை டிக்கெட் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை ஆட்டத்துக்கு நானும் ஆதிலட்சுமியும் போனோம். கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு வந்தாள். அங்கேயும் சீட்டு இல்லை. தியேட்டர்காரர் பூவராகவன் அண்ணன், “ரைட்டரோட அக்காவுக்கு இல்லாத எடமா?” என்று ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை, போ.

உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் அரை மணி நேரம் இழுவை. “எப்பய்யா வருவான்?” என்று பின்னால் ஒரே கூச்சல். அந்தப் பாட்டு எதற்கு? பாதித் தியேட்டர் சமோசாவுக்குப் போய்விட்டது. ஆனால் கல்குவாரியில் வெடி வைத்ததும் மலை ஒரு மூச்சு விட்டது பார், அதற்கப்புறம் ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. அது எழுந்து நின்றதும், “டேய், நம்ம ராஜகிரிடா!” என்று ஒருத்தன் கத்தினான். விசில் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. நம் ஊர் மலையைத்தானே பார்த்து எழுதினாய், திருட்டுப் பயலே? ஆதிலட்சுமி பயத்தில் என் கையைக் கிள்ளிக் கிள்ளி வைத்திருக்கிறாள், இன்னும் தடம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட அதிகக் கைதட்டு விழுந்தது எதற்குத் தெரியுமா? ஊருக்குள் வருகிறபோது மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்ததும் நின்று, செடியை மிதிக்காமல் காலைத் தூக்கி வரப்புமேல் வைத்ததே, அதற்குத்தான். என் பக்கத்திலிருந்த மேலச்சேரிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். “கல்லுக்கு இருக்கிற அறிவு எம் பசங்களுக்கு இல்லையே” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அப்புறம் அதை வெடி வைத்துக் கொன்றார்கள். எத்தனை பேர் மூக்கை உறிஞ்சினார்கள் என்று எண்ண முடியாது. நான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சனம் எழுந்து வெளியே போக, நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். உன் பெயரைப் பார்க்காமல் போவேனா? வந்தது. ‘கதை: சா. அஜித்நாதன்.’ அதைப் பார்த்தபிறகு எழுந்திருக்கவே மனசு வரவில்லை. ஆதிலட்சுமி, “வாடி, பெருக்க வந்துட்டாங்க” என்று இழுக்கிறாள். பெயரெல்லாம் ஓடி முடிந்து திரை கறுத்தது. அப்போதுதானடா அந்தக் கண் திறந்தது!

உயிரோடிருக்கிறது! உடைந்த கல்லுக்கு நடுவில் மூச்சு விடுகிறது! நான் என்ன செய்தேன் தெரியுமா? தெருவுக்கு ஓடிவந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்க்கொண்டிருந்த சனத்தைப் பார்த்து, “சாவல! சாவல! உயிரோட இருக்குது!” என்று கத்தினேன். யாரோ ஆஸ்பத்திரியில் பிழைத்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு பேர் கும்பிட்டார்கள். ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

நைனாவிடம் வந்து சொன்னேன். “உங்களுக்காக முடிவை மாத்திட்டான் நைனா. கொல்லல. உசுரோட வெச்சிருக்கிறான்” என்றேன். “மெய்யாவா?” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். உன் நைனா, சினிமாக் கொட்டகைக்கு! போதுமா?

ஐந்து ராட்சதம் என்கிறாயே, ஒரே ஊரில் ஐந்தும் இருந்தால் ரேஷன் கார்டு யார் கொடுப்பது?

பூரித்துப் போயிருக்கும்
ஜெயமாலா


சென்னை
18.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பத்து முறை படித்தேன். வரப்பில் கால் வைக்கும் இடத்தை வெட்டச் சொல்லி எவ்வளவு சண்டை போட்டார்கள் தெரியுமா? அந்த மேலச்சேரிக்காரருக்குக் கும்பிடு போட்டதாகச் சொல்.

ஆனால் அக்கா, அந்தக் கடைசிக் கண்ணை நான் எழுதவில்லை.

நான் எழுதியதில் பாறையான் செத்துவிட்டது. அவ்வளவுதான். செத்த ராட்சதத்தைக் கடைசிப் படத்தில் எப்படி மோதவிடுவது என்று கம்பெனி கேட்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களே மோனிகா என்ற வேறொரு எழுத்தாளரை வைத்து அந்த ஒரு நிமிடத்தைத் தனியாக எழுதி எடுத்துச் சேர்த்துவிட்டார்கள். பிரிவியூவில்தான் நானே பார்த்தேன். அது நைனாவுக்காக இல்லை. வியாபாரத்துக்காக.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைக் கொன்றுதான் எழுதுவேன். அது பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்தால், மலைக்கு வெடி வைக்கிறவனைப் பார்த்து யாருக்கு வயிறு எரியும்?

நைனாவிடம் உள்ளதைச் சொல்லிவிடு. அவர் என்னோடு பேச வேண்டும் என்று மூன்று வருடமாக ஏங்குகிறேன். ஆனாலும் நான் செய்யாத ஒன்றுக்காக அவர் பேச வேண்டாம்.

உன்
அஜித்


சிங்கவரம்
21.9.2025

அஜித்துக்கு,

உனக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா? யார் எழுதினால் என்ன, உன் படத்தில்தானே வருகிறது? வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன குறைந்துபோகும்?

இங்கே நடப்பது தெரியுமா? நான் கத்தியதிலிருந்து எந்த ஆட்டத்திலும் சனம் எழுந்து போவதில்லை. கடைசிவரை உட்கார்ந்து எல்லாப் பெயரையும் படிக்கிறார்கள். உன் பெயர் வந்தால் ‘நம்மூரு’ என்று கைதட்டுகிறார்கள். பெருக்குகிறவர்களுக்கு நேரம் போதவில்லை என்று பூவராகவன் அண்ணன் புலம்புகிறார், சந்தோஷமாகத்தான். சிங்கவரம் பஸ்ஸில் கண்டக்டர், “சீக்கிரம் ஏறுங்க, மலை எழுந்திரிச்சிடப் போவுது” என்கிறான்.

நைனா முந்தாநாள் பால்காரரிடம், “எம் பையன் படம்தான் ஓடுது, அதுல கொல்ல மாட்டாங்க” என்று சொன்னார். எம் பையன்! அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எத்தனை நாளாயிற்று! அதைக் கேட்டுவிட்டு, நான் போய் இல்லை நைனா, அவன் கொன்றுதான் எழுதினான் என்று எந்த வாயால் சொல்வேன்?

இன்றைக்குப் படத்துக்குக் கிளம்பியவரை எனக்கு முழங்கால் வலி என்று பொய் சொல்லி நிறுத்திவிட்டேன். உன்னால்தான். கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன்.

ஜெயமாலா


சென்னை
25.9.2025

அக்கா, நீ சொல்லவில்லையென்றால் நானே நைனாவுக்கு எழுதிவிடுவேன். அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். எந்த வேலையும் ஓடவில்லை. உன் முழங்காலை நினைத்துச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

அஜித்


அருகன் துணை

சிங்கவரம்
5.10.2025

அன்புத் தம்பி அஜித்துக்கு,

பத்து நாளாக எழுதவில்லை என்று கோபமா? நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நைனாவிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தையே படித்துக் காட்டினேன். கொன்றுதான் எழுதுவேன் என்ற இடத்தையும் விடவில்லை. கேட்டார். எழுந்தார். மல்லாட்டை பிடுங்க ஆள் பேசுகிறேன் என்று கொல்லைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை வரைக்கும் கொல்லையே கதி என்று கிடந்தார். முடிந்தது கதை, இனி இவர் ஜென்மத்துக்கும் பேச மாட்டார் என்று நான் சமையலறையில் அழுதுகொண்டே இருந்தேன்.

நேற்றுக் காலையில் சலவை வேட்டியைக் கட்டிக்கொண்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். நேராகத் தியேட்டருக்குப் போயிருக்கிறார். மீதியை ஆதிலட்சுமி கடைக்கு வந்து பூவராகவன் அண்ணன்தான் சொன்னாராம். அவள் உடனே எனக்குப் போன் போட்டாள்.

மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பாறையான் வரப்பில் கால் வைத்ததும் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். பட்டாளத்துக்காரர்கள் வெடியைக் கட்டும்போது நம் நைனா எழுந்து நின்று, “டேய், விட்டுடுங்கடா அதை! அது உங்கள இன்னாடா பண்ணுச்சு?” என்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டாராம். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை அஜித். பின்னாலிருந்து நாலைந்து பேர், “ஆமாடா, விடுங்கடா!” என்று சேர்ந்துகொண்டார்களாம். வெடித்ததும் துண்டில் முகத்தைப் புதைத்தவர் நெடுநேரம் எடுக்கவே இல்லையாம்.

பெயர் ஓட ஆரம்பித்ததும் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். உன் பெயர் வந்தது. எழுந்து, அது மேலே போய் மறைகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பூவராகவன் அண்ணன் பதறிக்கொண்டு ஓடிவந்து மறித்தாராம். “உக்காருங்க சாமி, இன்னும் ஒரு சீன் இருக்குது. அது சாவல, கண்ணத் தொறக்கும்!”

அதற்கு நைனா சொன்னாராம், “அது வேற யாரோ எழுதினது. எம் பையன் எழுதினது இத்தோட முடிஞ்சுது. அதைத்தான் பாக்க வந்தேன்.”

பூவராகவன் அண்ணன் வழி விட்டு, கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டாராம்.

வீட்டுக்கு வந்தவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து, “அவனுக்கு லெட்டர் எழுதும்போது கீழ எடம் வுடு” என்றார். விட்டிருக்கிறேன். என்ன எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் படிக்காமல்தான் ஒட்டுவேன், சத்தியமாக.

அக்கா
ஜெயமாலா


அஜித்துக்கு,

அதைக் கொன்றிருக்கக் கூடாது என்றுதான் இப்போதும் சொல்வேன். அதைக் காகிதத்தில் சொல்ல எனக்கு முடியாது. எதிரில் உட்காரவைத்துச் சண்டை போட வேண்டும்.

பொழுது சாய்வதற்குள் வந்து சேர்கிற பஸ்ஸாகப் பார்த்து ஏறு. இருட்டினால் நம் வீட்டில் இலை போட மாட்டார்கள். முதலில் சாப்பிடுவோம்.

நைனா