அத்தானின் காதை அறுத்தவன்

அன்புள்ள அத்தான்,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் வலது காதை அறுத்தது நான்தான். படத்தில் உள்ள காதைத்தான். என் கடையில் கிடந்த ரெடிமேட் பிரேமில் படம் கொள்ளவில்லை; ஓரமாகப் பிளேடை ஓட்டிவிட்டேன். ஹாலந்துக்கார ஓவியர் ஒருவர் தன் காதைத் தானே அறுத்துக்கொண்டார் என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! உங்களுக்கு அந்தச் சிரமமும் வைக்கவில்லை.

இருக்கும்போது மட்டும் சும்மா விட்டேனா? உங்கள் வாழைக்குலைக் கடையை அடைத்ததும், நீங்கள் வரைந்த படத்தையும் தூக்கிக்கொண்டு நேராக என் பிரேம் கடைக்கு வந்து, பிரான்சு தேசத்து ஓவியர்களைப் பற்றிப் பேசுவீர்கள். ஒருத்தர் வைக்கோல் போரையே காலை, மதியம், சாயங்காலம் என்று வரைந்தாராம். "மாடுகூட அப்பிடிப் பாத்திருக்காது அத்தான்" என்றேன். இன்னொருத்தர் புள்ளி புள்ளியாக வைத்தே ஆளை வரைந்தார் என்றீர்கள். "அம்மை போட்ட ஆளா?" என்றேன்.

ஹாலந்துக்காரரின் படங்களை அவர் இருந்தவரை யாரும் சீண்டவில்லை என்று நீங்கள் கண்கலங்கிய அன்று, "அந்த ஒரு காரியத்துல அவரும் நீங்களும் சரிசமம்" என்றேன். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அதன்பிறகு நீங்கள் ஒரு படமும் கொண்டுவரவில்லை. ஒரு நல்ல வார்த்தைக்குத்தானே வந்தீர்கள்? சொல்லியிருந்தால் என் நாக்கு அழுகியா போயிருக்கும்?

நேற்று நீங்கள் போன பதினாறாம் நாள் அடியந்திரம். மாலை போட ஒரு போட்டோ இல்லை. கேமரா பொய் சொல்லும் என்று யாரையும் எடுக்கவிடவில்லையே நீங்கள். ஆதார் அட்டையில் உள்ள முகத்துக்கு மாலை போட்டால் போலீசு வந்துவிடும். கண்ணாடி பார்த்து நீங்களே வரைந்த படம் ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் காதை வெட்டிப் பிரேம் போட்டுக் கொண்டுவந்தேன்.

அக்கா அதை வாங்கி மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தாள். "ஏலே, இது ஆருலே? பச்சையும் நீலமுமா! இவியளுக்கு ஒரு மூஞ்சியே இல்லாமப் போச்சே. எனக்கு மறந்திருமோன்னு பயமா இருக்குலே" என்று அழுதாள்.

கிட்ட நின்று பார்க்காதே என்று நீங்கள் என்னிடம் நூறு தடவை சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. படத்தைச் சுவரில் மாட்டினேன்.

"பின்னால போ அக்கா. இன்னும் போ."

வாசல்வரை போய் நின்றாள். அழுகை நின்றது. "அவியதாம்லே" என்றாள். "கோவத்துல இருக்காவ."

நானும் பக்கத்தில் போய் நின்றேன். நல்ல படம் அத்தான். நாலாம் வகுப்போடு நின்றவன் சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். இனி இந்தப் படத்தை எவன் கேலி பேசினாலும் வாசலுக்கு இழுத்துப்போய் நிறுத்திக் காட்டுவேன். இது என் வாக்கு.

அக்கா உங்களை முழுசாகப் பார்க்க இன்னும் இரண்டடி பின்னால் போய், வாசலுக்கு வெளியே சிறுபயறுப் பாயசம் இருந்த உருளிக்குள் உட்கார்ந்தாள். பாயசம் ஆறியிருந்தது. பந்தியை ரசத்தோடு முடித்தோம்.

இப்படிக்கு,
நீங்கள் கட்டினவளின் தம்பி