பாட்டுக்கு எழுந்து போகிறவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலைக் காட்சி. 182 பேர். படத்தை வெளியிடும் முன் பொதுமக்களுக்குப் போட்டுப் பார்க்கும் சோதனைக் காட்சி. திரைக்கு முதுகைக் காட்டி முதல் வரிசைக்கும் முன்னால் உட்கார்ந்து, பார்ப்பவர்களைப் பார்ப்பது என் வேலை. யார் எந்த நிமிடத்தில் எழுந்து போகிறார்கள், யார் கைபேசியை எடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கோடு. திரை வெளிச்சம் முகங்களில் விழுவதால் எல்லாம் தெரியும். இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம். எந்தப் படத்தையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். வாயைத் திறந்தால் நேரம்தான். இன்று வேறு ஏதோ சொன்னார்: "உனக்குன்னே செஞ்ச வேலைம்மா இது. முகத்துல ஒண்ணுமே வர்றதில்ல."

பாராட்டு. வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 5

ஒன்றுமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அடுத்த படம் அண்ணனுடையது. அவன் எழுதி, அவனே இசையமைத்த பாட்டு நாடகம். மேடையில் நன்றாக ஓடியது, இப்போது சினிமாவாகியிருக்கிறது. கடிகாரத்திடம் சொன்னேன், வேறு ஆளை அனுப்புங்கள் என்று. "கோடு போடறதுல என்னம்மா சொந்தம் பந்தம்? சனிக்கிழமை, பத்து பதினஞ்சுக்கு வந்துடு."

நாடகத்தை நான் பார்த்தது ஒரே முறை. இரண்டு வருடம் முன்பு, முதல் நாள், அம்மாவுடன். நான்காவது பாட்டில் மனைவி கணவனை வீட்டைவிட்டு அனுப்புகிறாள். நடுவில் இசை நின்றுபோய், ஒரு வரியைப் பேச்சு மாதிரி பாடுவாள்: "துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்கேன். எண்ணிப் பாத்துக்கோ."

அது நான் சொன்னது. அதற்கும் ஒரு வருடம் முன்பு, என் கணவர் வீட்டைவிட்டுப் போன அன்று. பெட்டி தூக்க வந்த அண்ணன் வாசலில் நின்றிருந்தான். அம்மா சமையலறையில்.

நாடகத்தில் அந்த வரிக்கு அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு. நான் முன்சீட்டின் முதுகில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு.

அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்று என்ன தோன்றியது எனக்கு? கை சில்லிட்டிருந்தது. ஏசியாக இருக்கலாம்.

மார்ச் 15, சனி

190 பேர். நான்காவது பாட்டுக்கு 41 கோடு.

பாட்டு வந்தால் எழுந்து போவது ஒரு பழக்கம். கழிப்பறை, காபி, ஒரு தொலைபேசி அழைப்பு. மேடை நாடகத்தில் கூச்சமாக இருக்கும், பாடுகிறவள் நம்மைப் பார்க்கிறாள். திரையில் இருப்பவள் யாரையும் பார்ப்பதில்லை. எழுந்து போகலாம், அவளுக்குத் தெரியாது.

ஆனால் இந்தப் படத்தில் சண்டையே பாட்டுக்குள் நடக்கிறது. திரும்பி வந்த ஒருவர், இரண்டாம் வரிசை, பக்கத்திலிருந்த மனைவியிடம்:

"அவன் எங்க?"

"போயிட்டான்."

"எப்ப?"

"பாட்டுல."

"பாட்டுல எப்படிடீ போவான்?"

கருத்துச் சீட்டில் அறுபது பேர் 'பின்பாதி புரியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர்: 'உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும், எதற்குப் பாட்டு?'

மார்ச் 18, செவ்வாய்

தயாரிப்பாளர் சொல்லிவிட்டாராம். இன்னும் ஒரு சோதனை. இருபது பேருக்கு மேல் எழுந்தால் பாட்டு கிடையாது. அந்த இடத்தில் இரண்டு நிமிட வசனக் காட்சி.

அண்ணன் போன் செய்தான்.

"கொஞ்சம் கம்மியா போடேன்."

"எதை?"

"கோட்டை. எங்க உயிர் போகுது, தெரியாத மாதிரி கேக்கற."

"எழுந்தவங்களைத்தான் போட முடியும்."

"நாடகமே அந்தப் பாட்டுதான். அது போச்சுன்னா எனக்கு மிச்சம் என்ன இருக்கு?" பிறகு, குரலைத் தாழ்த்தி: "பழி வாங்கறியா?"

ஆக, எடுத்தது என் வரி என்று அவனுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் தெரிந்தே இருந்திருக்கிறான்.

இல்லை என்றேன். உண்மைதான். பழி வாங்க முதலில் ஆசை வேண்டும்.

மார்ச் 22, சனி

38. அப்படியே போட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முப்பத்தெட்டு பேரும் எழுந்தது முன்னிசையில். குரல் வருவதற்கு முன் வெறும் வயலின், இருபத்திரண்டு விநாடி. அந்த வயலின்தான் 'பாட்டு வருது, போய்ட்டு வா' என்று அனுப்பிவைக்கிறது. குரல் தொடங்கிய பிறகு ஒருவர்கூட எழவில்லை. கதவருகே போய்விட்ட ஒரு பெண் குரலைக் கேட்டு நின்று, சுவரில் சாய்ந்தபடி முழுப் பாட்டையும் பார்த்தாள்.

குறிப்புப் பகுதியில் எழுதினேன்: 'முன்னிசைக்கு எழுகிறார்கள். வசனத்திலிருந்து நேராகக் குரல் தொடங்கினால் எழ நேரமிருக்காது.'

ஏன் எழுதினேன்? பாட்டைக் காப்பாற்றவா? கண்ணில் பட்டது. எழுதினேன். அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 25

அண்ணன்: "அந்த இருபத்திரண்டு செகண்டுக்கு ரெண்டு மாசம் உழைச்சிருக்கேன், தெரியுமா?" பத்து நிமிடம் திட்டினான். சாயங்காலம் அந்த வயலினை வெட்டிவிட்டானாம். என் குறிப்பைப் பார்த்துத் தயாரிப்பாளர் இன்னும் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டாராம். சனிக்கிழமை கடைசி வாய்ப்பு.

மார்ச் 29, சனி

மூன்று கோடு. அதில் ஒன்று அழுத குழந்தையோடு போனவள். பாட்டு பிழைத்தது.

மிச்சம் 184 பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரி வந்தது. இத்தனை முகங்களை ஒரே நேரத்தில் அசையாமல் நான் பார்த்ததில்லை. ஆறாம் வரிசையில் ஒரு ஆள் வாயைத் திறந்தபடி. ஒரு பெண் தலையாட்டினாள், தான் சொன்னது போல. ஒருத்தி அழுதாள் — தாராளமாக, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, பக்கத்து ஆளிடம் கைக்குட்டை வாங்கி.

கோடு போட எதுவும் இல்லை. கை சும்மா இருந்தது. வயிற்றில் என்னவோ செய்தது. பசி என்று நினைத்து வெளியே வந்து ஒரு பன் தின்றேன். போகவில்லை.

அது பசி இல்லை. கோபம். அடையாளம் தெரிய அரை மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 30, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். சந்தோஷமாக இருந்தான். "வா வா, என் குலதெய்வமே!" என்றான்.

"பாட்டு இருக்கட்டும். அந்த வரியை எடுத்துடு."

சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "அந்த வரிதானே பாட்டே."

"அது நான் சொன்னது."

"நீ சொன்னப்ப யாரு கேட்டா? அவன்கூடக் கேக்கல. நான்தான் கேட்டேன். நான் எழுதலேன்னா காத்தோட போயிருக்கும்."

"போகட்டுமேடா! போறதுக்குத்தான் சொன்னேன்."

அண்ணனை 'டா' போட்டது இதுவே முதல் முறை.

"ஊரே அழுவுது அதுக்கு," என்றான்.

"நான் அழல. அழறதுக்குள்ள நீ மேடையில ஏத்திட்ட."

உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் பியானோவின் மூடியைத் துடைத்தான். அதில் தூசியே இல்லை. பிறகு தொழில் பேசினான் — பாடகி ஊரில் இல்லை, புது வரி வாயசைவுக்குப் பொருந்த வேண்டும், படம் எடுத்து முடித்தாயிற்று.

"பொருத்து. அதுதானே உன் வேலை."

என்னைக் கேட்டிருக்கலாமே என்று சொல்லத்தான் போனேன். அதைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11

அண்ணனிடமிருந்து ஒரே சொல்: 'மாத்திட்டேன்.'

ஜூன் 20, வெள்ளி

படம் வெளியானது. அம்மாவோடு மதியக் காட்சி. எல்லோரையும் போலத் திரையைப் பார்த்து உட்கார்ந்தேன், கழுத்துக்குப் பழக்கமில்லை.

நான்காவது பாட்டு. இப்போது அவள் பாடுவது: "சாவியை மேசை மேல வச்சுட்டுப் போ." சாதாரண வரி. வாயசைவு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. முன்னால் இருந்த பெண் அதற்கும் கண்ணைத் துடைத்தாள். என் வரி இல்லாமலும் பாட்டு ஓடுகிறது. சின்னதாக வலித்தது. வலிக்கட்டும்.

அம்மா என் பக்கம் சாய்ந்தாள். "துணி மடிச்சது எங்க?"

"எடுக்கச் சொல்லிட்டேன்."

"நல்லது."

"அது... உனக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? நீ சொன்னப்ப சமையக்கட்டுல நின்னுட்டுதானே இருந்தேன். நாடகத்துல வந்தப்பவே தெரியும்."

"அப்ப ஏம்மா அவனை ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயே கேப்பேன்னு பாத்தேன். ரெண்டு வருஷம் ஆக்கிட்ட."

பின்னாலிருந்து யாரோ "ஷ்ஷ்" என்றார்கள்.

அம்மா மீதும் கோபம் வந்தது. நல்ல சூடான கோபம். பேருந்தில் அவளோடு பேசவில்லை. இறங்கும்போது கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். படி உயரம்.