தாகம் தீர்ந்த படகு

என்றும் என் நெஞ்சை விட்டுப் போகாத எஸ்தர் அக்காவுக்கு,

உன் நினைவுநாளுக்காக நாலு வரி எழுதித் தரும்படி நம் சபைப் பத்திரிகை ஆசிரியர் கேட்டிருக்கிறார். பெண்கள் பள்ளியில் நீ பாடம் சொன்னதையும், பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றதையும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். பேனா அந்தப் பக்கமே போகமாட்டேன் என்கிறது. உன் படகு சனிக்கிழமையிலிருந்து அல்சூர் ஏரியில் மூழ்கிக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எதை உனக்குச் சொல்வேன்?

பதறாதே. நீ எங்கே பதறப்போகிறாய், பதறுகிறவன் நான்தான். முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் எனக்கே விளங்காது.

நீ போன பிறகு படகை ஏரிக்கரையில் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கே கொண்டுவந்து, நீ இருந்த முன்னறையில் இரண்டு பெஞ்சுகளின் மேல் ஏற்றி வைத்தேன். மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் பூசினேன். சாரல் அடித்தால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். பியானோ வைத்திருக்கும் வீட்டில்கூட அதை இப்படிப் பார்த்துக்கொள்வார்களோ என்னவோ. ஒரு சொட்டு ஈரம் அதன்மேல் படவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்போது அந்த அறை வேண்டும். மருமகள் சலோமிக்குச் செப்டம்பரில் பிரசவம். அவள் கேட்டது நியாயம்தான். மகன் யாக்கோபு அதற்குள் படகுக்கு ஓர் ஆளையும் பிடித்துவிட்டான். கமர்ஷியல் தெருவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். படகை நடுவில் அறுத்து, நிமிர்த்தி நிறுத்தி, குறுக்கே பலகை அடித்து, கிறிஸ்துமஸ் கேக்குகளை அடுக்கப்போகிறாராம். "அத்தைக்குக் கேக்குன்னா உசிராச்சேப்பா" என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை, அக்கா. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்த வலியில்தான் வாய் தவறியதுபோல் சொல்லிவிட்டேன், இந்த மே மாதம் எண்ணூரில் கடலோரமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம், படகும் நம்மோடு வரட்டும் என்று. நீ அல்சூர் ஏரியைக் கிண்ணம் என்பாய். உப்புத் தண்ணீரில் ஒரு தடவையாவது பாய் விரித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சொல்வாய். யாக்கோபு யோசித்தான். படகு நன்றாக ஓடினால் அதற்கு ஏரிக்கரையில் நிரந்தரமாக ஓர் இடம் பார்த்துத் தருவதாகவும், ஓடாவிட்டால் ரொட்டிக்கடைக்குத்தான் என்றும் சொன்னான். நானும் ஒப்புக்கொண்டேன்.

ரயில்வேயில் கார்டாக இருந்த ராயப்பன்தான் எண்ணூர் வீடுகளுக்கு இங்கிருந்து வாடகைக்கு ஆள் அனுப்புகிறவர். இரண்டு வீடுகள் காலியாக இருப்பதாகச் சொன்னார். ஒன்று மேட்டில், ஓடு வேய்ந்த வண்டிக்கொட்டகையும் பூட்டும் உள்ளது. மற்றது தாழ்வில், கொட்டகை கிடையாது, காயல் ஏறும்போதெல்லாம் பின்முற்றத்துப் படி வரைக்கும் தண்ணீர் வருமாம். படகுக்கு இடம் உண்டா என்று கேட்டேன். "அந்த ரெண்டாவது வீட்ல படகை நீங்க தேடிப் போகவே வேணாம் சார். அதுவே வந்து கதவைத் தட்டும்" என்றார். படகில் ஈரம் படுமே என்று பயந்தேன். கொட்டகை வீடே போதும் என்று உடனே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ரயிலில் ஏற்றுமுன் இங்கே ஒருமுறை மிதக்கவிட்டுப் பார்ப்போம் என்றான் யாக்கோபு. சனிக்கிழமை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படகை ஏரிக்குக் கொண்டுபோனோம். தண்ணீரில் இறக்கியதும் பலகைக்குப் பலகை நீர் கசிந்தது. பிறகு கசிவு என்று சொல்ல முடியாது, பொங்கியது. வண்டிக்காரர் வேலப்பன் பீடியைக் காதிலிருந்து எடுத்தபடி, "ஏரியில படகு போகும்னு கூட்டிட்டு வந்தீங்க சாமி. படகுக்குள்ள ஏரி போகுதே" என்றார். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். யாக்கோபு சிரிக்கவில்லை. "விடுங்கப்பா, நாளைக்கே கடைக்காரர்கிட்டச் சொல்லிடறேன்" என்றான்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சீமைக்குத் திரும்பும் ராணுவக் கேப்டனின் ஏலத்தில் நீ படகை எடுத்த வருஷம். அது கோடை முழுதும் அவர் குதிரைலாயத்தில் கிடந்தது. நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதற்குள் கல்லை அடுக்கி, நீயாகவே மூழ்கடித்தாய். நான் உன் செருப்பையும் குடையையும் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். காசு கொடுத்து வாங்கியதை ஏன் அக்கா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்கு, "குடிக்கட்டும்டா. காஞ்ச பலகை. தாகம் தீர்ந்தா அதுவே வாயை மூடிக்கும்" என்றாய். சொன்னபடியே பலகை ஊறி உப்பி இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டது.

படகை நான் துடைத்துத் துடைத்துத் தாகத்தில் வைத்திருக்கிறேன். கப்பலையே பார்க்காத இந்த மேட்டு ஊர்க்காரன் ஒருவனால்தான், ஈரம் படக்கூடாது என்று படகுக்குக் காவல் இருக்க முடியும்.

கரையில் கிடந்த கல்லைக் காட்டி, உள்ளே போடச் சொன்னேன். "முழுகுற படகுலயா கல்லைப் போடச் சொல்றீங்க?" என்றான் யாக்கோபு. "போடுடா" என்றேன். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது?

ஆனால் வீடு வந்ததும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. நீ இரண்டு நாள் என்றாயா, இரண்டு வாரம் என்றாயா? நான் பூசிய எண்ணெய் மரத்தைத் தண்ணீர் குடிக்க விடுமா? நீ சொன்னதாக நான் நினைப்பது நீ சொன்னதுதானா, அல்லது எனக்கு வேண்டியதை நானே உன் வாயில் வைத்துக்கொள்கிறேனா? நேற்று கோயிலில் பிரசங்கம் காதில் விழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே இன்னொன்று உறைத்தது. பூட்டுப் போட்ட, ஓடு வேய்ந்த, ஈரமே இல்லாத கொட்டகை என்றால் அது மறுபடியும் நம் முன்னறைதானே?

இன்று காலை ராயப்பன் வீட்டுக்குப் போனேன். கொடுத்த வாக்கை மாற்றிப் பழக்கமில்லாததால், வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். மறுபடியும் தாண்டிப் போனேன். அவரே கூப்பிட்டுவிட்டார்.

"தண்ணி வருமே, அந்த வீடு இன்னும் இருக்குதா?" என்று கேட்டேன்.

"யாருக்கு சார்?"

"எங்களுக்குத்தான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நாளைக்குப் பெய்யப்போற மழைக்கு இன்னைக்கே குடை பிடிக்கிற ஆளாச்சே நீங்க."

பாம்பு வருமா என்று கேட்டேன். நண்டுதான் வரும் என்றார். கடிக்குமா என்றேன். "முந்திக்கிட்டா நீங்க அதைக் கடிக்கலாம்" என்றார். வீடு பேசி முடிந்தது.

சலோமி என்ன சொல்வாளோ என்றுதான் பயந்தேன். "படி வரைக்கும் தண்ணியா மாமா? அப்ப நான் உக்காந்த இடத்துலயே காலை நனைச்சுக்குவேன்" என்றாள். இவ்வளவுதான். இதற்கா இத்தனை நடுக்கம்?

மேலே உள்ளதையெல்லாம் மதியம் எழுதினேன். இப்போது ஏரியிலிருந்து திரும்பி வந்திருக்கிறோம்.

கல்லை எடுத்துவிட்டு, வேலப்பனும் யாக்கோபும் வாளியால் நீரை இறைத்தார்கள். அடிப்பலகை தெரிந்தது. காத்திருந்தோம். முன்முனையில் ஓர் இடத்தில் மட்டும் லேசாகக் கசிந்தது. மற்ற இடமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தது, அக்கா. ரயிலில் போகும்போது காயாமல் இருக்க நனைத்த சாக்குகளைப் போர்த்திவிட வேண்டும். அதற்குக்கூட ஏற்பாடு யோசித்துவிட்டேன்.

யாக்கோபு ஏறித் துடுப்புப் போட்டான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "ஏறுங்கப்பா" என்றான். நான் ஏறவில்லை. ஏன் என்று பார்த்தால், என் கையில் அவன் செருப்பு இருந்தது. எப்போது குனிந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் இதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் அச்சேறினால் பின்வாங்க முடியாது என்பதால் எல்லாருக்கும் கேட்கவே சொல்கிறேன். எண்ணூரில் நீ கேட்ட அந்தப் பாயை நாங்கள் விரிக்கும்போது நான் படகுக்குள் இருப்பேன். எல்லாருடைய செருப்பும் அந்தப் பின்முற்றத்துப் படியில் கிடக்கும். காயல் ஏறி வந்து கொண்டுபோனால் போகட்டும். நான் காவல் நிற்கமாட்டேன்.

உன் செருப்புக்கும் குடைக்கும் இத்தனை காலம் காவல் நின்ற தம்பி,
தேவசகாயம்