பதினாறு விரல் பெட்ரோல்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் அத்தையும் நலம். கட்டிலும் அடுப்பும் வைத்த உங்கள் செல்ல வேன் வண்டியும் நலம். மூன்று நாளில் எழுநூற்றுப் பத்து கிலோமீட்டர் வந்துவிட்டோம். மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில், கடைசிப் பெட்ரோல் பங்கை ஒட்டிய கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் குறுக்கே பேச முடியாதல்லவா? நீங்கள் இருக்கும் ஊருக்கே போகிற லாரிக்காரர் ஒருவர் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். முப்பத்தெட்டு வயது வண்டியில் நாங்கள் வந்து சேர்வதற்குள் அவர் உங்கள் கையில் கொடுத்துவிடுவார்.

உங்கள் அம்மா சௌகரியமாக இருக்கிறார். பதினோரு பூந்தொட்டிகளையும் கட்டிலுக்கு அடியில் வரிசையாக அடுக்கி, வளைவு வரும்போதெல்லாம் பின்னால் போய் அவற்றைப் பிடித்துக்கொள்கிறார். வண்டி அடுப்பில் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். மடக்கு மேசையில் மட்டும் நேற்றுக் கையை நசுக்கிக்கொண்டு, அதைக் கண்டுபிடித்தவனை ஒரு மணி நேரம் கரித்துக்கொட்டினார்.

இனி பெட்ரோல் சமாசாரம். மீட்டர் முள் என்றைக்கும் பாதியிலேயே நிற்கும், அதை நம்பாதே, பெட்ரோல் தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நோட்டிலும் எழுதி வைத்திருந்தீர்கள். நனைந்த இடத்தில் விரலைக் குறுக்கே வைத்து எண்ண வேண்டும், ஒரு விரலுக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர், தொட்டி நிரம்பினால் பன்னிரண்டு விரல். நானும் கண்ணும் கருத்துமாக எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு விரலுக்கு இருபத்தொன்றுதான் ஓடியது. இரண்டாம் நாளும் இருபத்தொன்று. மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், சக்கரத்துக்குக் காற்றடித்துப் பார்த்தேன். அதே இருபத்தொன்று.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த ஊரில் இந்த வேலையை ஒப்புக்கொண்டீர்கள். பதினான்கு வருடம் நடத்திய தையல் கடையை நான் பூட்ட வேண்டியதாயிற்று. அதுகூடப் போகட்டும் என்று பார்த்தால், மூக்கு முட்டக் குடிக்கிற வண்டியைப் பொய் சொல்லி என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று நினைத்தேன். வண்டி விஷயத்தில் பொய் என்றால், புது வீட்டில் எனக்கென்று இருப்பதாக நீங்கள் சொன்ன ஜன்னல் வைத்த தையல் அறையும் பொய்யாகத்தானே இருக்கும்? இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் மலையில் ஒரு பங்கும் இல்லை என்றார்கள். பன்னிரண்டை இருபத்தொன்றால் பெருக்கிப் பார்த்தேன், இருநூற்று ஐம்பத்திரண்டுதான் வந்தது. பாதி மலையில் நிற்க வேண்டியதுதான்.

பாரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அத்தை, "நான் வேணா எறங்கி நடந்து வரட்டுமா? பூந்தொட்டிய மட்டும் எறக்காத" என்று சொன்னார். வண்டியில் கனமானது நான் துணி வெட்டும் மேசைதான். இன்று காலை ஒரு டயர் கடையில் அதை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. உங்களைப் பற்றி அப்போது நினைத்ததில் ஒன்றுகூட நல்ல வார்த்தை இல்லை.

இருபது கிலோமீட்டர் தள்ளி இந்தப் பங்குக்கு வந்தோம். மூடி வழியாகச் சிந்துமே என்று இதுவரை பாதிக்கு மேல் ஊற்றியதில்லை. இன்றுதான் முதல் தடவை கழுத்து வரை நிரப்பச் சொன்னேன். குச்சியை விட்டு எண்ணினால் பதினாறு விரல்! மறுபடி எண்ணினேன். பதினாறேதான். அத்தை எட்டிப் பார்த்து, "வர்ற வழியில தொட்டி வளந்துடுச்சா என்ன?" என்று கேட்டு, குச்சியைப் பிடுங்கித் தன் விரலை வைத்து எண்ணினார். சரியாகப் பன்னிரண்டு.

அத்தையின் கையை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். அதே தடித்த விரல், அதே சப்பை நகம். உங்கள் கைதான் அது. ஊசி பிடிக்கிற என் விரலை வைத்து, ஸ்பானர் பிடிக்கிற உங்கள் விரலின் கணக்கை நான் மூன்று நாளாகப் போட்டுக்கொண்டிருந்தேன். விரல் விரலுக்கு வித்தியாசம் உண்டு என்று உங்களுக்கும் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிற எனக்கும் தோன்றவில்லை! அத்தை சிரித்த சிரிப்பில் பங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உடனே வண்டியைத் திருப்பினேன். மேசை அங்கேயே இருந்தது. டயர் கடைக்காரர் அதன்மேல் சாப்பாட்டை விரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்த நாற்பது கிலோமீட்டரை மட்டும் உங்கள் நோட்டில் சேர்க்காதீர்கள். அது என் கோபத்துக்கு ஆன பெட்ரோல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது அண்ணன் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை நிரப்பி என் சீட்டுக்குப் பின்னால் வைத்தான். "எங்க மனசு மாறினாலும் வண்டியத் திருப்பிடு, இங்க நாங்க இருக்கோம்" என்றான். அத்தைக்கே அது தெரியாது. மூன்று நாளும் ஒவ்வொரு பங்கிலும் அந்தக் கேனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். சற்று முன்பு, போய் வந்ததில் குறைந்ததற்கு ஈடாக, அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். காலிக் கேனைப் பங்கிலேயே கொடுத்துவிட்டேன்.

நாளை விடியற்காலை மலை ஏறுகிறோம். மறுநாள் மதியத்துக்குள் வந்துவிடுவோம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். வந்ததும் முதல் வேலையாக நீங்களே குச்சியை விட்டு எண்ணிப் பாருங்கள். நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மேசை ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஜன்னலோரம் அந்த இடத்தைப் பெருக்கி வைத்திருங்கள்.

இப்படிக்கு,
வந்துகொண்டே இருக்கும்
உங்கள் மனைவி