வெண்மணற்பட்டினத்தில் துவைக்கப்போன நாரைக்கொடி

அலைகடல் காக்கும் செருந்திநாட்டின் அரசியார், நாரைக்கொடி உயர்த்திய குவளைநங்கைத் தேவியார் திருவடிகளுக்கு, அவருடன் பிறந்தானும் வெண்மணற்பட்டினத்தில் அவர்தம் தூதனுமாகிய அரிசிலன் வணங்கி விடுக்கும் ஓலை. நம் துறைகள் புயலறியாது வாழ்க. நும் மக்கள் இருவரும் இருமல் நீங்கி நலம் பெறுக.

அக்கையே, இவ்வோலைக்கு முன் வேறு செய்தி வந்திருப்பின் அதனை நம்பற்க. நாம் உலைப்பங்கை விற்கவில்லை. அச்செய்தியை நம்பி, விற்கும் ஆணையைத் தாங்கள் விடுத்துவிடுவீர்களோ என்றஞ்சி மூன்று நாளாய் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெண்மணலை உருக்கி, நகத்தளவுச் சில்லாக்கி, அதன்மேல் மயிரினும் நுண்ணிய கோடு பொறித்து, கலங்களுக்குத் திசை கணித்துச் சொல்லும் அறிவை அச்சில்லுக்கு ஊட்டும் உலை இவ்வூரில் உள்ளதைத் தாங்கள் அறிவீர்கள். அதன் நூறு பங்கோலைகளில் கடல்வணிகர் கணத்திடம் முப்பது, கோயிற் பண்டாரத்திடம் இருபத்தைந்து, கடற்சுவர் எழுப்பும் செலவுக்கென நாம் வைத்தவை இருபது. எஞ்சிய இருபத்தைந்தே ஊராரிடம் கைமாறுவன. அச்சிலவற்றின் விலையே அனைத்துக்கும் விலை. சில்லின் நுட்பம் ஊரார்க்கு விளங்காது. ஆகவே உலைமதிலில் பறக்கும், பெரும்பங்குடைய இம்மூவர்தம் கொடிகளைப் பார்த்தே வாங்குவர், விற்பர்.

இதை அறிந்திருந்தும், காக்கை எச்சமிட்ட நம் கொடியை ஒருநாள் காலையில் துவைக்க இறக்கச் சொன்னேன்.

உச்சிப்பொழுதுக்குள் எண்பது பொன் விற்ற ஓலை நாற்பத்தைந்துக்கு வந்தது. மீன் விற்கும் நாச்சி என்பாள், "பெரிய வீட்டுக்காரனே பாயைச் சுருட்டிட்டான், நமக்கு இங்க என்ன தூக்கம்?" என்று மடியிலிருந்த தன் ஒரே ஓலையை அவிழ்த்து விற்றாள். அவளையும் அவளொத்தாரையும் கண்ட பண்டாரத்தார் தம் கொடியைப் பாதிக்கம்பம் இறக்கினர். அதைக் கண்டு ஊரே விற்றது. கடல்வணிகர் மட்டும் தம் ஆளை அங்காடிக்கு அனுப்பாது உலைக்கு அனுப்பினர். அன்றைய சில்லுகளை எண்ணிப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்றறிந்து, விழுந்த ஓலைகளை ஓசையின்றி வாங்கினர். அவர்தம் நிதானத்தைக் கண்டு வியந்தேன், வெட்கமும் கொண்டேன்.

பிழைபொறுக்க வேண்டி உலைத்தலைவி சேந்தியாரிடம் ஓடினேன். பொறிக்கும் சில்லினின்றும் கண்ணெடாமல் அவர் கூறியது இது: "கொடியத் துவைச்சா உலை அணைஞ்சிடுமா தம்பி? ஈரத்தோடவே ஏத்துங்க. வெளிச்சத்த மறைக்காதீங்க."

தம் உழைப்பின் விலை பாதியான பொழுதும் கோடு பிசகாத அவர்தம் கை போன்றதொன்றை யான் கண்டதில்லை. நீர் சொட்டச் சொட்டக் கொடியை நானே ஏற்றினேன். கீழே நின்ற நாச்சி, "துவைக்கவா போச்சு? பாவி மனுசா, சொல்லிட்டுத் துவைச்சா என்ன?" என்றாள்.

இன்று விலை அறுபத்திரண்டு. குதிரையேறிப் போன நம்பிக்கை நடந்துதான் திரும்புகிறது. நாம் ஓர் ஓலை விற்றாலும் அது மீண்டும் ஓடும். இருபதையும் விற்றாலோ, கடற்சுவரும் எழாது, இவ்வுலையும் தன் வினையாளரை நீக்க வேண்டிவரும். ஆகலின் விற்கும் ஆணை எழுதப்பட்டிருப்பின் அதைக் கிழித்தருள்க. சினம் என்மேல் விழுக. உலைமேல் விழ வேண்டா. நாச்சியின் இழப்பை என் ஊதியத்தினின்றும் தர இசைவளிக்க.

மாற்றுக்கொடி ஒன்றும் அனுப்பியருள்க.

நாரை முத்திரை இட்டேன். கலத்தலைவன் இதனை அரசியார் கையிலன்றிக் கொடாதிருக்க. இடைத்துறைகளில் வாய் திறவாதிருக்க. மாற்றுக்கொடி வந்து ஏறும்வரை, காக்கை என்ன செய்யினும், பழங்கொடியை எவரும் இறக்கற்க. இது தூதன் ஆணை.